கிளப் ஹவுஸ் சாவி யாரிடம் இருக்கிறது?

அயனம்பாக்கம், வானகரம், திருவேற்காடு பக்கம் ஃப்ளாட் பார்க்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடி விசாரிப்பது கிளப் ஹவுஸைத்தான். காரணம் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அலுவலகங்களுக்கும் அப்பா, அம்மா இரண்டு பேருமே வேலைக்குப் போகிற வீடுகள் இங்கே அதிகம். ஸ்கூல் வேன் நாலு மணிக்குப் பிள்ளையை கேட்டில் இறக்கிவிட்டால், பெரியவர்கள் வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகிவிடும். நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பிள்ளைகளைத் தாங்கிக்கொள்வது கிளப் ஹவுஸ் ஹால். ஒரு நாள் கராத்தே, ஒரு நாள் பரதநாட்டியம், ஒரு நாள் கீபோர்டு, வார இறுதியில் செஸ். 2024இல் உலகச் செஸ் சாம்பியனான குகேஷ் படித்த பள்ளி மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. செஸ் போர்டுக்கு இந்தப் பக்கம் தனி மரியாதை உண்டு. காலையில் அதே ஹாலில் பெரியவர்களுக்கு யோகா, அவ்வப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம், நவராத்திரிக்குக் கொலு, பொங்கல் விழாவுக்கு ஒத்திகை. இதில் நான் கேட்க நினைப்பது சாதாரணமான விஷயம். அந்த ஹாலின் சாவி யாரிடம் இருக்கிறது? யார் கொடுத்தது? கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே நடப்பதற்கு யார் பொறுப்பு? முதல் இரண்டு கேள்விகளுக்கு அனேகமாக எல்லா அசோசியேஷனிலும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018 ஜூலையில் சென்னை பார்த்தது. அயனாவரத்தில் சில நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வளாகம். காது கேட்பதில் குறையுள்ள 11 வயதுச் சிறுமியைப் பல பேர் மாதக்கணக்கில் பாலியல் வன்கொடுமை செய்துவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. 17 பேர் கைதானார்கள். லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி, பிளம்பர், ஹவுஸ்கீப்பிங் என்று எல்லோரும் அந்த வளாகத்தில் தினமும் வேலை பார்த்தவர்கள். 2020 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை, அவர்களில் நான்கு பேருக்குச் சாகும்வரை சிறை. ஒருவர் விடுதலையானார், ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். தண்டனை விவரத்தைவிட என்னை உறுத்துவது குற்றம் நடந்த இடங்களின் பட்டியல்தான். ஆளில்லாத ஃப்ளாட், பேஸ்மென்ட், மொட்டை மாடி, ஜிம், பொதுக் கழிப்பறை. ஃப்ளாட்டைத் தவிர எல்லாமே பராமரிப்புக் கட்டணம் கட்டி எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் இடங்கள். கேட்டும் காவலும் உள்ள வளாகத்துக்குள், நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நடுவில், பட்டப்பகலில் ஒரு குழந்தை எங்கே போகிறது, யாரோடு போகிறது என்று கவனிக்க வேண்டியது இன்னார் என்று ஒருவர்கூட இல்லை. குடும்பத்தில் ஒருவரிடம் அந்தக் குழந்தை வாய்திறந்து சொன்ன பிறகுதான் விஷயம் போலீஸுக்குப் போனது.

அந்த வழக்குக்குப் பிறகு நகரத்தின் பல வளாகங்கள் எடுத்த நடவடிக்கை என்ன? வேலையாட்களுக்கு அடையாள அட்டை, கேட்டில் பை சோதனை, ‘கீழ்மட்ட ஆட்கள்’ மேல் ஒரு கண். கோபம் புரிகிறது. ஆனால் பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். அந்த 17 பேரில் யாரும் சுவரேறிக் குதித்து வந்தவரில்லை. தினமும் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டவர்கள், குழாய் ரிப்பேர் செய்தவர்கள், தெரிந்த முகங்கள். தெரிந்த முகம் என்பதால்தான் அந்தப் பிள்ளை அவர்களோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த முகம் நாளைக்கு மாஸ்டருடையதாக இருக்கலாம், ஸ்விம்மிங் கோச்சுடையதாக இருக்கலாம், பஜனைக் குழு நடத்தும் பெரியவருடையதாக இருக்கலாம், கமிட்டியில் இருக்கும் ஃப்ளாட் உரிமையாளருடையதாகவும் இருக்கலாம். சம்பளம் குறைந்தவர் மேல் மட்டும் சந்தேகம் வைக்கும் ஏற்பாடு, மற்ற எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கும் ஏற்பாடு. அது அநியாயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

மரியாதைக்குரிய முகம் எப்படிக் கதவைத் திறக்கும் என்பதற்கு 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்தது சாட்சி. பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் 5ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை பயிற்சி நடந்தது. மாணவிகள் இரவில் பள்ளியின் கலையரங்கத்திலேயே தங்கவைக்கப்பட்டார்கள். பயிற்சியாளர் என்று வந்தவர் 13 வயது மாணவி ஒருத்தியை வன்கொடுமை செய்ததாக வழக்கு. விசாரித்தால், முகாமே போலி. என்.சி.சி. அமைப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சீருடையும் விசிலும் ‘சார்’ என்ற அழைப்பும் போதுமானதாக இருந்திருக்கிறது. என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். இதைவிடக் கொடுமை, நடந்ததைப் பிள்ளைகள் பள்ளியில் சொன்ன பிறகும் விஷயம் வெளியே போகாமல் மறைக்கப் பார்த்தார்கள் என்று போலீஸ் வழக்குப் போட்டது. பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர்களும் கைதானார்கள். அதே ஆள் வேறு பள்ளிகளிலும் இப்படி முகாம் நடத்தியிருந்தது பிறகு தெரியவந்தது. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் அந்த மாதமே இறந்துபோனார். ஒரு கலையரங்கத்தை வெளியாளுக்குத் திறந்துவிட்டு, இரவில் தங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் பொறுப்பாக நிறுத்தாமல் போனதுதான் அங்கே நடந்த முதல் தவறு. அந்தத் தவறைச் செய்ய யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அசட்டையாக இருந்தாலே போதும்.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றுதான். பொது இடத்தில் குழந்தைகளின் பாதுகாப்பை ஆட்களின் நல்ல குணத்தின் மேல் கட்டக்கூடாது, ஏற்பாட்டின் மேல் கட்ட வேண்டும். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை நம் யாருக்கும் இல்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேல் குழந்தைகள் ஏதோ ஒருவிதப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பும் இடத்தில் இருந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், போக்சோ சட்டத்தின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளைப் பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவரே. ஆக, ‘அவரை எங்களுக்குப் பத்து வருஷமாகத் தெரியும்’ என்ற வாக்கியம் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆளை எடைபோடுவதை விட்டுவிட்டு, எந்த ஆளாக இருந்தாலும் தப்பு செய்ய வாய்ப்பு கிடைக்காதபடி இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வதுதான் நம்மால் முடிகிற காரியம்.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 2012இன் போக்சோ சட்டத்துக்கு 2020இல் வந்த புதிய விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் போன்ற எந்த அமைப்பும், ஒப்பந்த ஊழியர் உட்படத் தன்னிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றன. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றைப் பின்பற்ற வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2021இல் பள்ளிகளில் எழுந்த புகார்களுக்குப் பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வைக்கச் சொல்லி அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் பள்ளி மணி அடிப்பதோடு நின்றுவிடுகின்றன. நாலு மணிக்கு மேல் அதே பிள்ளை உட்காரும் கிளப் ஹவுஸ் ஹாலுக்கு மாவட்டக் கல்வி அலுவலர் வரப்போவதில்லை. கராத்தே மாஸ்டர் அசோசியேஷனின் ஊழியரும் இல்லை. ஹாலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவர், ஃபீஸைப் பெற்றோரிடம் நேரடியாக வாங்குகிறவர். ‘அவர் உங்கள் ஆளா?’ என்று கேட்டால் அசோசியேஷன் ‘இல்லை, பெற்றோர் ஏற்பாடு’ என்கிறது. பெற்றோரைக் கேட்டால் ‘அசோசியேஷன்தானே ஹால் கொடுத்தது’ என்கிறார்கள். விதியில் நம் வளாகம் வருமா, வராதா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏற்பாடு என்று எதைச் சொல்கிறேன்? ஹாலுக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும். கதவு முழு மரக்கதவாக இருந்தால் அதில் ஒரு கண்ணாடிப் பட்டை வைக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது உள்தாழ்ப்பாள் போடக்கூடாது. எந்த வகுப்பிலும் மாஸ்டரோடு இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். அது பெற்றோரில் ஒருவராக இருக்கலாம், முறைவைத்து மாறிக்கொள்ளலாம். அவர் வராத நாளில் வகுப்பு ஹாலில் நடக்காது, எல்லோர் கண்ணிலும் படும் போர்ட்டிகோவில் நடக்கும். நடன உடை மாற்றும் அறைக்கும் நீச்சல்குளத்தின் ஷவருக்கும் பயிற்சியாளர் போகக்கூடாது; சின்னக் குழந்தைக்கு உதவி தேவையென்றால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். உடம்பைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கலை என்றால், எங்கே தொடுவேன், ஏன் தொடுவேன் என்று முதல் நாளே பெற்றோர் முன்னால், பிள்ளைக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும்; பிள்ளை வேண்டாம் என்றால் கையை எடுத்துவிட வேண்டும். பயிற்சியாளர் பிள்ளையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக்கூடாது. எதுவானாலும் பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான். சாவி வாங்கினால் பெயர், நேரம், கையெழுத்து. திருப்பிக் கொடுத்தாலும் அப்படியே. ஆளில்லாத ஃப்ளாட்டின் சாவியும், ஜிம் சாவியும், மொட்டை மாடிச் சாவியும் அதே நோட்டில் வர வேண்டும், கமிட்டித் தலைவர் வாங்கினாலும் எழுத வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் ஒரு அமைப்பின் பெயரைச் சொன்னால், அவர் தரும் நம்பருக்கு இல்லாமல் அந்த அமைப்பின் அலுவலக நம்பருக்குக் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும். பொறுப்பு அலுவலர் என்று இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். அவர்கள் பெயரும் 1098 என்ற குழந்தை உதவி எண்ணும் பிள்ளைகளின் கண் உயரத்தில் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பெரியவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதே ஹாலில் மறதி நோய் தொடங்கிய பாட்டியும் உட்காருகிறார், அறிவுவளர்ச்சிக் குறையுள்ள முப்பது வயது இளைஞரும் வருகிறார், சக்கர நாற்காலியை ஹோம் நர்ஸ் தள்ளிவரும் தாத்தாவும் வருகிறார். தன்னால் தப்பித்துக்கொள்ள முடியாதவர்களை ஓர் இடத்தில் வைத்துவிட்டு யாரும் பொறுப்பேற்காமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். நம் வளாகங்களில் சங்கிலி இல்லை. ஆனால் இலவச மருத்துவ முகாம் என்று வந்து, பெயர், போன் நம்பர், ஆதார் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு, ‘ஒரு நம்பர் வரும் சொல்லுங்க பாட்டி’ என்று கேட்கிறவரைக் கமிட்டி விசாரிக்காமல் ஹாலில் உட்காரவைத்தால், அந்தப் பாட்டியின் பென்ஷன் பணத்துக்கு யார் பொறுப்பு? பெரியவர்கள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் குழந்தைகள் இல்லை. அவர்கள் சார்பில் நாமே முடிவெடுத்து, ‘உங்களுக்கு நல்லதுக்குத்தான்’ என்று ஹாலுக்கு வரவிடாமல் தடுப்பது பாதுகாப்பு ஆகாது, அதுவும் ஒருவித அவமதிப்புதான். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, தேவைப்பட்டால் அவர்களே சொல்லும் நம்பிக்கைக்குரிய ஒருவரை வைத்துச் செய்ய வேண்டும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்கள் மேல் வன்முறையோ சுரண்டலோ நடப்பதாகக் கருத இடமிருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம் என்கிறது. குழந்தைகள் விஷயத்தில் ‘தெரிவிக்க வேண்டும்’ என்று கட்டளையிடும் சட்டம், இங்கே ‘தெரிவிக்கலாம்’ என்று நிறுத்திக்கொள்கிறது. அந்த ‘லாம்’ விடும் இடத்தை வளாகத்தின் சொந்த விதிதான் நிரப்ப வேண்டும்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நியாயமான மனதிலிருந்து வருவது. ‘இப்படி விதி போட்டால் நல்ல மனிதர்களை அவமானப்படுத்துகிறோம்; பிள்ளைகளோடு பாசமாகப் பழகும் ஒரு பெரியவரைக்கூடச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைக்கிறோம்; ஊர் கூடி வளர்த்த காலம் போய், யாரும் யாரையும் தொடாத காலம் வரும்.’ இந்தப் பயம் எனக்கும் புரிகிறது. பாசம் இல்லாத வளாகத்தில் எந்தக் குழந்தையும் வளரக்கூடாது. ஆனால் அவமானம் எப்போது வருகிறது என்று பாருங்கள். விதி ஒருவருக்கு மட்டும் என்றால் அவமானம். எல்லோருக்கும் என்றால் அது வெறும் நடைமுறை. வங்கியில் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி கேட்பதை எந்த மேனேஜரும் தன் நேர்மைக்கு இழுக்காக நினைப்பதில்லை. உண்மையில், விதி இல்லாத இடத்தில்தான் நல்லவர் மாட்டிக்கொள்கிறார். ஒரு வதந்தி கிளம்பினால் அவருக்குச் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கதவும் கூட இருக்கும் இன்னொரு பெரியவரும் பிள்ளையைக் காப்பது போலவே மாஸ்டரையும் காக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் ஒப்புக்கொள்கிற பயிற்சியாளர்தான் நமக்கு வேண்டியவர். ‘என்னை நம்பவில்லையா’ என்று கோபித்துக்கொண்டு போகிறவரைத் தடுக்க வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம்: ‘கேமரா வைத்துவிட்டோம், போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிவிட்டோம், இன்னும் என்ன?’ இரண்டும் வேண்டியவைதான், இரண்டுமே போதாதவை. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடப்பதைத் தடுக்க, அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவுகூடப் பல நேரம் நிற்பதில்லை. 2017இல் முகலிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காணாமல்போன சிறுமி கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. போலீஸ் தரப்பு சொன்ன கேமராப் பதிவு முறையான சாட்சியமாக நீதிமன்றத்தில் நிற்காததும் அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி. போலீஸ் சரிபார்ப்பின் எல்லையை இங்கிலாந்து 2002இல் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, அந்த ஊர்ப் பள்ளியில் பராமரிப்பாளராக இருந்தவர். அவர் மேல் முன்பு வேறொரு பகுதியில் பல புகார்கள் எழுந்திருந்தும் தண்டனை ஆனதில்லை. அந்தத் தகவல் வேலை கொடுத்தவர்களின் காதுக்கு வரவேயில்லை. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து அந்த நாடு தன் சரிபார்ப்பு முறையையே மாற்றியது. சரிபார்ப்புச் சான்றிதழ் சொல்வது, இதுவரை இவர் போலீஸ் பதிவேட்டில் இல்லை என்பதை மட்டும்தான். இன்று மாலை ஆறு மணிக்கு ஹாலுக்குள் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது, மெதுவான குரலில் சொல்லப்படுவது. ‘ஏதாவது நடந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். போலீஸுக்குப் போனால் பெண் பிள்ளையின் பெயர் கெடும், வளாகத்தின் பெயர் கெடும், ஃப்ளாட் விலை இறங்கும். பொய்ப் புகாராக இருந்தால் ஒருவர் வாழ்க்கையே போய்விடும்.’ ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போக்சோ சட்டப்படி இப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ போலீஸில் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஓர் அமைப்பின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ‘கமிட்டியில் பேசி மாஸ்டரை நிறுத்திவிட்டோம்’ என்பது தீர்வு ஆகாது. அந்த மாஸ்டர் அடுத்த மாதம் நொளம்பூரில் இன்னொரு ஹாலில் வகுப்பு எடுப்பார். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது அதே சட்டத்தில் குற்றம். பெயர் கெடுவது போலீஸால் அல்ல, நம் வாட்ஸ்அப் குரூப்பால். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும், வேண்டுமென்றே பொய் சொன்னால் பெரியவருக்குத் தண்டனை உண்டு, குழந்தைக்கு இல்லை என்றும் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது கமிட்டியின் வேலையே இல்லை. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பதும், இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்து பண்ணுவதும் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை, வழக்கையும் கெடுக்கும். அமைப்புகளுக்குள் குழந்தைகள் மேல் நடந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணையம் 8,000 பேருக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியாகச் சந்தித்து அவர்கள் கதையைக் கேட்டது. தேவாலயம், பள்ளி, விளையாட்டுக் கழகம், காப்பகம் என்று எல்லா இடத்திலும், அமைப்பின் பெயரைக் காப்பாற்றப் போய்க் குழந்தையைக் கைவிட்ட கதை திரும்பத் திரும்ப வந்தது. உலகத்தில் எங்கேயும் இது வேறு மாதிரி முடிந்ததில்லை.

‘ஆபத்து அதிகமும் வீட்டுக்குள்தானே, கிளப் ஹவுஸை மட்டும் பூட்டி என்ன பயன்’ என்றும் கேட்கலாம். புள்ளிவிவரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் கிளப் ஹவுஸ் முக்கியமாகிறது. வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியே தினமும் பார்க்கும் ஒரு பெரியவர் அங்கேதான் கிடைக்கிறார். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று வாய்மூடிக்கொண்டதையும், வகுப்பு முடிந்தும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதையும் முதலில் கவனிப்பது நடன டீச்சராக இருக்கலாம். வீட்டு வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட சிறுமி பார்க்கில் உட்கார்ந்து அழுவதைப் பார்ப்பது செக்யூரிட்டியாக இருக்கலாம். சொத்தைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குத் தடுமாறும் பெரியவர், யோகா முடிந்து பக்கத்தில் இருப்பவரிடம்தான் வாய்திறப்பார். கவனித்துக்கொள்வதாக நிபந்தனை எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெற 2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் வழிசெய்கிறது. மூத்தோருக்கு 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு டீச்சருக்கும் செக்யூரிட்டிக்கும் யோகா மாஸ்டருக்கும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பயிற்சி போதும். சந்தேகத்துக்குரியவர்களாக மட்டும் நாம் பார்க்கும் வேலையாட்கள் அந்த வளாகத்தின் கண்களாக மாறுவார்கள்.

கடைசியாக, ‘கூட்டத்துக்கே இருபது பேர் வருவதில்லை, இதற்கெல்லாம் ஆள் எங்கே, பணம் எங்கே’ என்ற கேள்வி. மேலே சொன்னவற்றில் காசு செலவாவது கதவுக் கண்ணாடிக்கும் ஒரு நோட்டுக்கும்தான். பெற்றோர் முறைவைத்து உட்காருவதற்குக் காசு வேண்டாம், மாதத்தில் ஒருவருக்கு ஒரு மாலை போதும். சின்ன அசோசியேஷனால் எல்லாவற்றையும் முதல் நாளே செய்ய முடியாது என்பது உண்மை. அப்படியானால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்: மூடிய கதவுக்குள் ஒற்றைப் பெரியவரோடு குழந்தை இல்லை என்பது முதல், எல்லாச் சாவிக்கும் கையெழுத்து என்பது இரண்டு, புகாரைக் கமிட்டி விசாரிக்காது, போலீஸுக்குத் தெரிவிக்கும் என்பது மூன்று. 2022ஆம் ஆண்டு உருவான ஆவடி காவல் ஆணையரகம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளைக் கவனிக்கிறது. நம் வளாகத்துக்குரிய மகளிர் காவல் நிலையத்தின் எண்ணை எழுதிப் போடவும், வருஷத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து ஓர் அதிகாரியை அழைத்துப் பேசவைக்கவும் ஒரு கடிதம் போதும்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஓர் அசோசியேஷனில், கோவில் கமிட்டியில், நலச்சங்கத்தில் உறுப்பினராக இருப்பீர்கள். பெயின்ட், போர்வெல், பார்க்கிங் எல்லாம் தீர்மானமாக வரும் பொதுக்குழுவில் இதையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். துணைவிதியில் எழுத்தாக ஏறட்டும். அப்போதுதான் கமிட்டி மாறினாலும் விதி மாறாது, எந்தச் செல்வாக்கான ஆளும் ‘எனக்கும் சேர்த்தா?’ என்று கேட்க முடியாது. எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருப்பார்கள், பேசட்டும். அவர்களும் தங்கள் பிள்ளைகளை அதே ஹாலுக்குத்தான் அனுப்புகிறார்கள். அயனாவரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஒரு குடும்பத்துக்காவது ‘இது என் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த மாதங்கள் அத்தனை நீண்டிருக்காது என்றே நம்புகிறேன். நம் வளாகத்தில் அந்தப் பொறுப்புக்கு இரண்டு பெயர்கள் வேண்டும். அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் அந்த இரண்டு பெயர்களைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள்.